டிக் டிக் கேட்டதும் ‘எல்லாம் டேப்பு’ என்று எழுதிவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

திருவிழா மேடைக் கச்சேரிகளில் ஸ்பீக்கரில் டிக் டிக் என்று ஒரு சத்தம் வருகிறது, ஓடுவதெல்லாம் லேப்டாப்புதான், மேடையில் இருப்பவர்கள் சும்மா கையை ஆட்டுகிறார்கள் என்று உங்கள் வாசகர் ஒருவர் கோபமாக எழுதியிருந்தார். தென்மாவட்ட மெல்லிசைக் குழுக்களில் கீபோர்டு வாசிக்கிறவன் நான், ட்ராக் (முன்பே பதிவு செய்த துணை இசை) ஓட்டும் லேப்டாப்பும் என் பொறுப்புதான், அதனால் இதற்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்தச் சத்தம் வந்தது உண்மைதான், அது ஜனங்கள் காதில் விழுந்திருக்கவே கூடாது. ஆனால் அதை ஏமாற்று வேலைக்குச் சாட்சியாக நிறுத்தினால் எப்படி? பாட்டு முழுவதையும் பதிவில் ஓடவிட்டு வாயசைக்கிற ஆளுக்கு அந்த டிக் டிக்கால், எங்கள் பாஷையில் கிளிக்கால், என்ன பிரயோஜனம்? டிரம்ஸ்காரர் நிஜமாக வாசிக்கிறார், அவர் தாளமும் ட்ராக்கும் ஒரு இழை பிசகக் கூடாது என்பதற்காக அவர் காதுக்கு மட்டும் போக வேண்டிய சத்தம் அது.

வாயசைப்பு மோசடி என்பது வேறு. 1989இல் அமெரிக்க மேடையில் மில்லி வனில்லி என்ற பாப் ஜோடிக்கு பதிவு ஒரே வரியில் சிக்கித் திரும்பத் திரும்ப ஓடியது, அடுத்த வருடம் கிராமி விருதையே திருப்பி வாங்கிக்கொண்டார்கள். அதே நாட்டில் 2009 ஜனவரியில், ஒபாமா பதவியேற்ற அன்று, செல்லோ வாசிக்கும் யோ-யோ மா, வயலின் வாசிக்கும் இட்சாக் பெர்ல்மன் போன்ற மேதைகள் வாசித்தபோது ஜனங்கள் கேட்டது முன்கூட்டியே பதிவு செய்ததைத்தான், அந்தக் குளிரில் வாத்தியத்தில் சுருதி நிற்காது என்பதால். அவர்களுக்கு வாசிக்கத் தெரியாது என்று யாராவது சொல்வார்களா? எங்கள் கதை இந்த இரண்டிலும் சேராது. வயலின் கூட்டம், கோரஸ், கூடுதல் தாள வாத்தியம், இவை மட்டும் ட்ராக்கில் வரும், மீதியை மேடையில் இருப்பவர்கள் வாசிக்கிறார்கள். ஒரு சினிமாப் பாட்டில் இருக்கிற வயலின்காரர்களை எல்லாம் நேரில் கூட்டி வந்தால் கமிட்டி தருகிற பணம் வேன் வாடகைக்கே காணாது.

சரி, கிளிக் எப்படி வெளியே வருகிறது? சின்னக் குழுக்களில் ட்ராக் ஓடுவது பெரும்பாலும் செல்போனிலோ, இரண்டே அவுட் உள்ள லேப்டாப்பிலோதான். இடது பக்கம் ட்ராக், வலது பக்கம் கிளிக் என்று ஃபைலைத் தயார் செய்வார்கள். இதில் தப்பு ஒன்றும் இல்லை, நல்ல முறைதான். ஆனால் சவுண்டு சர்வீஸ் தம்பி வழக்கம்போல ஒரு பக்கம் சின்ன ஸ்டீரியோ பின், மறுபக்கம் இடது வலதுக்குத் தனித்தனி ஆர்.சி.ஏ. பின் உள்ள ஒயரை எடுத்து வந்து மிக்ஸரின் ஸ்டீரியோ சேனலில் செருகிவிடுவார், ஏனென்றால் பாட்டு போடுகிற ஒயர் அவருக்கு அதுதான். அங்கே இடதும் வலதும் சேர்ந்து மெயினுக்கு, அதாவது ஜனங்கள் கேட்கிற ஸ்பீக்கருக்கு, போகும், டிக் டிக் கோயில் கோபுரம் வரை கேட்கும். அவரைக் குறை சொல்லவும் முடியாது, யாரும் அவரிடம் சொல்லவில்லை. இரண்டையும் தனித்தனி மோனோ (ஒற்றை ஒலி) சேனலில் வாங்கி, கிளிக் சேனலை மெயினிலிருந்து எடுத்துவிட்டு, ப்ரீ-ஃபேடர் ஆக்ஸ் (சேனலின் ஒலியளவுத் தள்ளுகட்டையான ஃபேடரைச் சாராத தனி அவுட்) வழியாக டிரம்ஸ்காரர் ஹெட்போனுக்கு மட்டும் அனுப்பினால் போதும். என்னைக் கேட்டால் அதுகூட வேண்டாம். கிளிக் மிக்ஸருக்கே போகக் கூடாது, ஒயரை மேடையிலேயே பிரித்து நேராக டிரம்ஸ்காரரின் ஹெட்போன் ஆம்பிளிஃபயரில் செருக வேண்டும், மிக்ஸரில் யார் எந்த ஃபேடரைத் தள்ளினாலும் ஊருக்குக் கேட்காது.

ஒயர் எல்லாம் சரியாக இருந்தும் கிளிக் வருகிறதென்றால் போனின் செட்டிங்கைப் பாருங்கள். காது கேட்பதில் குறையுள்ளவர்களுக்காக ‘மோனோ ஆடியோ’ என்று ஒன்று ஆண்டிராய்டிலும் ஐபோனிலும் இருக்கிறது, அது ஆனில் இருந்தால் போனே இரண்டு பக்கத்தையும் கலந்துதான் வெளியே அனுப்பும். ஒயரை மாற்றி மாற்றித் தலையைப் பிய்த்துக்கொள்கிற எல்லோருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். (போனை ஃப்ளைட் மோடில் போடுங்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா? பக்திப் பாட்டு நடுவில் மச்சான் போன் செய்கிற கூத்து இன்றைக்கும் நடக்கிறது.)

இன்னொரு கோளாறு இதைவிட விசித்திரமானது. ட்ராக் கேட்கிறது, ஆனால் அதில் பேஸும் கிக் டிரம்மும் இல்லை, கோரஸ் எங்கோ கிணற்றுக்குள் இருந்து எதிரொலி மட்டும் வருவதுபோல இருக்கிறது. உடனே ட்ராக் மட்டம், ஃபைல் கெட்டுப்போச்சு என்பார்கள். ஃபைல் நன்றாகத்தான் இருக்கும். லேப்டாப்பின் ஹெட்போன் துளையிலிருந்து வருகிற ஸ்டீரியோ ஒயரின் மறுமுனையில் மைக் ஒயரில் இருக்கிற மூன்று பின் கேனன் ஜாக்கை வைத்து நேராக மைக் லைனில் செருகியிருப்பார்கள். மிக்ஸரின் மைக் லைன் வேலை செய்யும் விதம் என்னவென்றால், உள்ளே வருகிற இரண்டு கம்பிகளில் ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்துவிடும், வழியில் ஒயர் பிடித்துக்கொண்ட இரைச்சல் இரண்டிலும் ஒன்றுபோல இருப்பதால் அது அடிபட்டுப் போகும் என்பதுதான் அதன் நோக்கம். ஆனால் இங்கே அந்த இரண்டு கம்பியிலும் இருப்பது இடது வலது இசை. இரண்டிலும் பொதுவாக நடுவில் வைத்த பேஸ், கிக், கோரஸ் எல்லாம் இரைச்சல் கணக்கிலேயே கழிந்துபோய், ஓரத்தில் இருக்கிற எதிரொலி மட்டும் மிஞ்சும். ஈக்வலைசரை எவ்வளவு திருகினாலும் கழிந்தது திரும்பி வராது. இடதுக்கும் வலதுக்கும் தனித்தனி பி-38 ஜாக் (கிட்டார் ஒயரில் இருக்கிற பெரிய ஜாக்), தனித்தனி டிஐ பாக்ஸ் (வாத்திய ஒலியை மைக் லைனுக்கு ஏற்றபடி மாற்றும் பெட்டி) வைக்க வேண்டும். ஒரே லைன்தான் தர முடியும் என்று சவுண்டுக்காரர் சொன்னால் மென்பொருளிலேயே மோனோவாக மாற்றி ஒற்றை ஒயரில் கொடுக்க வேண்டும்.

உர்ர் என்ற ஹம் சத்தம் பற்றி ஒரு விஷயம் மட்டும் கொஞ்சம் கோபமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. லேப்டாப் சார்ஜர் ஒரு போர்டில், மிக்ஸர் வேறு இடத்தில் என்று மின்சாரம் எடுத்தால் இரண்டு எர்த்துக்கும் இடையே சுற்று உண்டாகி 50 ஹெர்ட்ஸ் ஹம் வரும். அதைப் போக்கப் பிளக்கின் எர்த் பின்னை உடைத்துவிடுகிற பழக்கம் நம் ஊர்களில் இருக்கிறது. தயவுசெய்து அந்தக் காரியத்தைச் செய்யாதீர்கள். ஈரத்தரையில் செருப்பில்லாமல் நின்று இரும்பு மைக்கைப் பிடித்துப் பாடுகிற பிள்ளை உயிர் அது. டிஐ பாக்ஸில் ‘கிரவுண்ட் லிஃப்ட்’ என்று ஒரு சுவிட்ச் இருக்கிறது, அது ஒலி ஒயரின் எர்த்தை மட்டும்தான் துண்டிக்கும், மின்சார எர்த்தைத் தொடாது. அதோடு மேடைக்கருவிகளுக்கும் மிக்ஸருக்கும் ஒரே இடத்திலிருந்து மின்சாரம் கொடுத்து, சீரியல் லைட் லைனில் லேப்டாப்பைச் செருகாமல் இருந்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

இது வரைக்கும் ஒலி. மிடி, அதாவது கீபோர்டும் கம்ப்யூட்டரும் பேசிக்கொள்கிற முறை, வேறு உலகம், அதில் சத்தமே போகாது, ‘இந்தக் கட்டையை அழுத்து, இந்த வாத்தியத்துக்கு மாறு’ என்ற கட்டளைகள்தான் போகும். 1983இல் வந்த முறை இன்னும் உயிரோடு இருக்கிறது. பாட்டு ஆரம்பிக்கும்போது லேப்டாப்பே என் கீபோர்டை வயலினுக்கு மாற்றிவிடும், சரணத்தில் ஷெனாய்க்கு மாற்றும், இரண்டு கையும் வாசிப்புக்கு மிச்சம். இது சொதப்பினால் வருகிற கூத்து தனி ரகம். ஜெனரல் மிடி என்ற பொதுவான வாத்திய வரிசையில் சிதார் 105, ஷெனாய் 112. ஆனால் ஒயரில் போகிற எண்கள் 0இல் தொடங்கி 127இல் முடியும், பல கருவிகளின் திரையிலோ 1 முதல் 128 வரை காட்டும். மென்பொருள் ஒரு கணக்கிலும் கீபோர்டு இன்னொரு கணக்கிலும் இருந்தால் ஒன்று தள்ளிப் போகும். சிதாருக்குப் பதில் பேஞ்சோ வரும், கல்யாண மேடையில் ஷெனாய்க்குப் பதில் சின்ன மணிச் சத்தம் கிணிகிணி என்று வரும். எல்லா வாத்தியமும் ஒன்று தள்ளி வந்தால் கீபோர்டைத் திட்டாதீர்கள், எண்ணில் ஒன்றைக் கழியுங்கள்.

அடுத்து, ஒரு பாட்டு முடிந்து அடுத்த பாட்டில் கீபோர்டு ஊமையாகிவிடுவது. முந்தைய பாட்டின் முடிவில் மெல்லக் குறைந்து மறைய வேண்டும் என்று வால்யூம் கட்டளையை 0 வரை இறக்கியிருப்பார்கள். அது கண்ட்ரோல் எண் 7. திரும்ப ஏற்றச் சொல்லி யாரும் கட்டளை அனுப்பவில்லை என்றால் கீபோர்டு 0இலேயேதான் உட்கார்ந்திருக்கும், வாசிக்கிறவர் பாவம் ஜாக்கைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகுவார். ஸ்வரத்தை நீட்டிப் பிடிக்கும் சஸ்டெயின் பெடலும் அப்படித்தான், எண் 64. பாடகர் ஒரு சரணத்தை விட்டுத் தாவ, லேப்டாப்பில் நாமும் தாவ, பெடலை விடு என்ற கட்டளை இடையில் மாட்டிக்கொண்டு ஸ்வரம் ஊய்ய் என்று நின்றுகொண்டே இருக்கும். ஒவ்வொரு பாட்டின் தலையிலும் ஒரு தாளச் சுற்றைக் காலியாக விட்டு, அதில் பேங்க் (வாத்தியங்களின் தொகுப்பு), வாத்திய எண், வால்யூம், பெடல் ஆஃப், பிட்ச் பெண்ட் (சுருதி வளைப்பு) நடு என்று வரிசையாக, கொஞ்சம் இடைவெளி விட்டு அனுப்புகிற பழக்கம் வந்துவிட்டால் இதெல்லாம் போய்விடும். எல்லாவற்றையும் ஒரே புள்ளியில் குவிக்க வேண்டாம். பழைய ஐந்து பின் ஒயரில் ஒரு கட்டளை போகவே ஏறக்குறைய ஒரு மில்லி செகண்ட் ஆகும், வரிசையில்தான் போகும், அதுவும் பேங்க் கட்டளைக்கு முன்னால் வாத்திய எண் போய்விட்டால் பழைய பேங்கில் இருக்கிற ஏதோ ஒன்று வந்து நிற்கும்.

ஏபிள்டன் லைவ் என்ற மென்பொருளை வைத்து ட்ராக் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆட்டோமேஷனில் (தானாக ஏறி இறங்கும்படி) எழுதி வைத்த வால்யூமை மேடையில் கையால் ஒரு தடவை தொட்டுவிட்டால் அது அதற்கப்புறம் எழுதியபடி நடக்காது, மேலே ‘ரீ-எனேபிள்’ பட்டன் எரியும், அதை அழுத்தினால்தான் திரும்ப வழிக்கு வரும். ஒத்திகையில் எல்லாம் ஒழுங்காக நடந்தது, மேடையில் மட்டும் கோரஸ் வரவில்லை என்றால் முதலில் நான் பார்ப்பது அந்தப் பட்டனைத்தான். கூடுதல் அவுட் தருகிற ஆடியோ கார்டைச் செருகுமுன் மென்பொருளைத் திறக்காதீர்கள், அது லேப்டாப்பின் சொந்த ஸ்பீக்கரைப் பிடித்துக்கொண்டு கிளிக்குக்கு ஒதுக்கிய 3, 4 அவுட்டைக் காணாமல் அடித்துவிடலாம். கார்டு விநாடிக்கு 48,000 சாம்பிள் (ஒலித் துணுக்கு) கணக்கில் ஓடும்போது 44,100 கணக்கில் பதிந்த ஃபைலை மாற்றம் செய்யாமல் ஓட்டுகிற பிளேயர் கையில் இருந்தால் சுருதி ஒன்றரை செமிடோன் (கீபோர்டில் அடுத்தடுத்த கட்டைகளுக்கு இடையே உள்ள தூரம் ஒரு செமிடோன்) கிட்டே ஏறும், நாலு நிமிடப் பாட்டு இருபது விநாடி முன்பே முடிந்துபோகும், பாடுகிற அம்மாவின் தொண்டை என்ன ஆவது?

இதில் எதுவும் ராக்கெட் விஞ்ஞானம் இல்லை, ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு அரை மணி நேரம் கொடுத்தால் எல்லாவற்றையும் மேடையிலேயே கண்டுபிடித்துவிடலாம். அந்த அரை மணி நேரம்தான் எங்களுக்குக் கிடைப்பதில்லை. ஏழு மணிக் கச்சேரி என்று நோட்டீஸில் போடுவார்கள், ஆறரை வரை ஸ்பீக்கரில் நன்கொடையாளர் பெயர் ஓடும், அப்புறம் சிறப்பு விருந்தினர் பேச்சு, பொன்னாடை, நாங்கள் ஒயரைச் செருகும்போது எட்டு. இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்று 2000ஆம் வருட ஒலி மாசு விதிகள் சொல்கின்றன, வருடத்தில் 15 நாளுக்கு மிகாமல் நள்ளிரவு வரை தளர்த்த அரசுக்கு அதிகாரம் உண்டு என்றாலும் எல்லா ஊர்த் திருவிழாவுக்கும் அது வாய்ப்பதில்லை. விதி நல்ல விதிதான், எனக்கு அதில் சண்டை இல்லை. ஆனால் எட்டு மணிக்குத் தொடங்கிப் பத்துக்கு முடிக்க வேண்டிய குழு எதை விட்டுக்கொடுக்கும்? சவுண்டு செக்கைத்தான். முதல் பாட்டையே செக் பண்ணுகிற பாட்டாக வைத்துக்கொள்கிறோம், அந்த முதல் பாட்டில்தான் உங்கள் வாசகர் டிக் டிக் கேட்டிருப்பார் என்று நினைக்கிறேன்.

குழுக்காரர்களும் கொஞ்சம் திருந்த வேண்டும். எத்தனை லைன் வேண்டும், எது ட்ராக், எது கிளிக், எந்த லைன் மெயினுக்குப் போகவே கூடாது என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி முந்தின நாளே வாட்ஸ்அப்பில் சவுண்டுக்காரருக்கு அனுப்ப எவ்வளவு நேரம் ஆகும்? பாதிப் பேர் அனுப்புவதில்லை, மேடையில் ஏறிய பிறகு கையை ஆட்டி ஆட்டிச் சைகை காட்டுகிறார்கள். ஒயரில் ஒரு கலர் டேப் சுற்றிப் பெயர் எழுதி வைத்தால் போதுமே, கிளிக் ஒயருக்குச் சிவப்பு என்று.

கமிட்டிக்காரர்களிடம் கேட்பது ஒன்றுதான். ஒப்பந்தத்தில் எத்தனை பாட்டு, எத்தனை பாடகர் என்று எழுதுகிற இடத்திலேயே மாலை 5 மணி முதல் ஐந்தரை வரை மெயின் ஸ்பீக்கர் குழுவுக்கு, அந்த நேரத்தில் மைக்கில் அறிவிப்பு கிடையாது என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். அதற்காக ஜெனரேட்டரைச் சீக்கிரம் போட வேண்டியிருந்தால் அந்த அரை மணி நேர டீசல் காசை எங்கள் சம்பளத்திலேயே பிடித்துக்கொள்ளலாம், எங்கள் குழுவில் யாரும் ஆட்சேபம் சொல்ல மாட்டார்கள்.

இப்படிக்கு,
கீபோர்டு வாசிக்கும் வாசகன்,
திருநெல்வேலி