பழைய கதையை நாளைய உலகத்தில் சொல்பவர்களுக்கு

அன்புள்ள எழுத்தாளர்களே,

தேவதைக் கதைகளை எதிர்காலத்துக்குக் கொண்டுபோய் எழுதுகிற உங்களிடம் ஒரு வாசகியாக ஒன்று கேட்க வேண்டும். அதற்கு முன்னால், என்னை இப்படிக் கேட்க வைத்த நாவலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

மரிசா மேயர் 2012இல் எழுதிய 'சிண்டர்'. சிண்ட்ரெல்லா கதைதான். நாயகி சிண்டர் பாதி மனுஷி, பாதி இயந்திரம்; பழுது பார்க்கும் மெக்கானிக். நிலாவில் ஓர் அரசி, பூமியில் ஒரு கொள்ளைநோய், நடுவில் ஓர் இளவரசன். நாயகியின் பிறப்பு ரகசியம் எனக்குச் சீக்கிரமே பிடிபட்டுவிட்டது. அந்த எதிர்கால நகரமும் மனதில் பெரிதாகப் பதியவில்லை. ஆனாலும் புத்தகத்தைக் கீழே வைக்க முடியவில்லை. காரணம் அதில் வருகிறவர்கள்தான்.

முதலில் ஐக்கோ. வீட்டு வேலை செய்யும் ரோபோ. அலங்காரம் என்றால் உயிர், இளவரசன் பேரைக் கேட்டாலே பூரித்துப்போகும். கோபத்தில் சித்தி அதைப் பிரித்து விற்றுவிடுகிறாள். அதன் குணம் முழுக்க அடங்கிய ஒரு சின்னச் சில்லு மட்டும், விலை போகாது என்பதால் மிஞ்சுகிறது. அந்த இடத்தில் அழுதேன். ஒரு ரோபோவுக்காக நான் அழுவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

அப்புறம் அந்தக் கால். 1697இல் பிரெஞ்சு எழுத்தாளர் பெரோ எழுதிய சிண்ட்ரெல்லா கதையில் கண்ணாடிச் செருப்பு கழன்று விழுகிறது. 1812இல் கிரிம் சகோதரர்கள் வெளியிட்ட கதையில், செருப்புக்குள் நுழைவதற்காக ஒரு சகோதரி கால்விரலையும் இன்னொருத்தி குதிகாலையும் வெட்டிக்கொள்கிறார்கள். சிண்டருக்கோ பாதமே கழன்றுவிடுகிறது. சிறுவயதில் பொருத்திய, அளவு போதாத உலோகப் பாதத்தோடு நடன விழாவுக்குப் போகிற பெண் அவள். நடக்க நடக்க அது அவளை உறுத்துவதை நாமும் உணர்கிறோம். அந்தத் தொழில்நுட்பம் அவளுடைய கூச்சத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்வதால்தான் எனக்கு அது முக்கியமாகப் பட்டது.

'சிண்டர்' தொடங்கிவைத்த தொடரின் மூன்றாம் நாவலில், பழைய கதையில் கோபுரத்தில் அடைபட்டுக் கிடக்கும் ரப்புன்செல் வருகிறாள், கோபுரத்துக்குப் பதில் செயற்கைக்கோளில். பேச்சுத் துணைக்கு ஆளில்லாமல், தன் சிறுவயதுக் குரலிலேயே பேசும்படி கணினியை அமைத்து வைத்திருக்கிறாள். செயற்கைக்கோள் எப்படி இயங்குகிறது என்று பத்துப் பக்கம் விளக்கியிருந்தாலும் அவள் தனிமை எனக்கு இவ்வளவு புரிந்திருக்காது.

நான் கேட்பதும் இதுதான். கதையின் முடிவு எங்களுக்கு ஏற்கெனவே தெரியும். திருப்பத்தை ஒளித்துவைக்க நீங்கள் படும் பாட்டில் பாதியை ஆட்களுக்குக் கொடுங்கள். விண்கலம், ஆயுதம், அரசியல் எல்லாம் இருக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அவற்றுக்கு நடுவே ஒருத்தி எதற்கு வெட்கப்படுகிறாள், யாரிடம் மட்டும் வாய்விட்டுச் சிரிக்கிறாள் என்று தெரிந்தால்தான் நாங்கள் அவளோடு கடைசிவரை வருவோம்.

ஒரு குறையும் உண்டு. சிண்டரின் சித்தி ஆட்ரி. கணவன் ஊர் பேர் தெரியாத ஒரு பெண் குழந்தையை வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டு, கொஞ்ச நாளில் கொள்ளைநோயில் செத்துப்போகிறான். பிறகு அவள் பெற்ற மகளில் ஒருத்திக்கும் அதே நோய். அவள் செய்த கொடுமையை நான் மன்னிக்கவில்லை. ஆனால் அந்த வீட்டில் ராத்திரி அவள் தனியாக உட்கார்ந்திருக்கும்போது என்ன நினைத்திருப்பாள் என்று தெரிந்துகொள்ள மிகவும் ஆசைப்பட்டேன். நீங்கள் அடுத்து எழுதப்போகும் சிண்ட்ரெல்லாவில் சித்திக்கென்று ஓர் அத்தியாயம் கொடுங்கள்.

அன்புடன்,
உங்கள் வாசகி