ஒற்றைக் காதில் கேட்ட வருடத்துக்கு நன்றி

வருடக் கடைசியில் அந்த ஆண்டு பிடித்துக் கேட்ட இசைப் பதிவுகளைப் பட்டியல் போடுவது எனக்கு நெடுநாள் வழக்கம். இந்த முறை எழுத உட்கார்ந்தால் ஒவ்வொரு பதிவுக்குப் பக்கத்திலும் உங்களில் யாராவது ஒருவருடைய முகம் வந்து நிற்கிறது. அதனால் பட்டியலை விட்டுவிட்டு உங்களுக்கே எழுதுகிறேன். பெயர் போட்டால் கூச்சப்படுவீர்கள். படிக்கும்போது இது நான்தான் என்று அவரவருக்குத் தெரிந்துவிடும்.

விவரம் தெரியாதவர்களுக்காக: ஆண்டின் தொடக்கத்தில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் செயலிழந்தன, கூடவே பேச்சும் போய்விட்டது. சொல்வது பெரும்பாலும் புரிகிறது. பதில் சொல்ல வார்த்தை கிடைப்பதில்லை. அஃபேசியா என்கிறார்கள். பெரும்பாலானவர்களுக்கு மொழியைக் கவனிக்கும் பகுதிகள் மூளையின் இடது பாதியில் இருக்கின்றன. உடம்பின் வலது பக்கத்தை இயக்குவதும் அதே பாதி. அதனால்தான் பலருக்கு இரண்டும் சேர்ந்தே போகின்றன. ஒரு கச்சேரி கேட்டுவிட்டு வந்தால் விடியும் வரை அதைப் பற்றியே பேசக்கூடிய மனிதர் அப்பா. அவர் வாய் திறந்து மூடியதை முதல் வாரங்களில் பார்க்க முடியவில்லை.

முதல் நன்றி பேச்சுப் பயிற்சியாளர் அம்மாவுக்கு. அப்பாவுக்கு இசையில் ஈடுபாடு உண்டா என்று நீங்கள்தான் கேட்டீர்கள். பேச வராதவர்களில் சிலருக்குப் பாட வரும் என்பது மருத்துவர்கள் வெகுகாலமாகக் கவனித்து வந்த விஷயம் என்றும், 1973இல் பாஸ்டனில் மார்ட்டின் ஆல்பர்ட், ராபர்ட் ஸ்பார்க்ஸ், நான்சி ஹெல்ம் என்ற மூவர் அதை ஒரு பயிற்சி முறையாகவே ஆக்கினார்கள் என்றும் சொன்னீர்கள். ஒரு சின்ன வாக்கியத்தை இரண்டே சுரங்களில் வைத்து மெதுவாகப் பாட வேண்டும். ஒவ்வொரு அசைக்கும் நோயாளியின் இடது கையைத் தட்ட வேண்டும். முதலில் கூடவே பாடிவிட்டு, போகப் போக நாம் குரலை இறக்கிக்கொள்ள வேண்டும். நீங்கள் பாடிக் காட்டிய அந்த இரண்டு சுரங்களை வீட்டுக்கு வந்து, பாட்டுக்கு ஆதார ஒலி தரும் சுருதிப் பெட்டியில் வைத்துப் பார்த்தேன். ஷட்ஜமும் (ச) சாதாரண காந்தாரமும் (க). 'தண்ணி வேணும்' என்பதை அந்த இரண்டு சுரத்தில் அப்பா முதன்முதலில் சொன்னபோது காந்தாரத்தை லேசாக அசைத்துத்தான் சொன்னார். எத்தனையோ வருடம் கர்நாடக சங்கீதம் கேட்ட காது அது, நேராக நிறுத்த மனம் வருமா?

எல்லாருக்கும் இது பலிக்காது, பலித்தாலும் மெதுவாகத்தான் நகரும் என்பதையும் நீங்கள் மறைக்கவில்லை. அதற்குத்தான் இன்னும் அதிக நன்றி. பொய் நம்பிக்கை தந்திருந்தால் பாதியிலேயே சோர்ந்திருப்பேன்.

அடுத்தது மாடி வீட்டு வயலின் பெண்ணுக்கு. கண்ணு, இந்த வருடம் நான் அதிகம் கேட்டது உன் சரளி வரிசைதான், சங்கீதம் கற்பவர்களின் முதல் சுரப் பாடம். மாயாமாளவகௌளை ராகத்தில் தினமும் அதே வரிசை, அதே ஏற்ற இறக்கம். இரண்டாம் வரிசையில் நீ தடுக்கி நின்ற ஒரு சாயங்காலம், கீழே அப்பா அடுத்த சுரத்தைச் சொன்னார். நீ திரும்ப ஆரம்பித்தாய், அவர் கூடவே 'ச ரி க ம' என்று போனார், தெளிவாக. நான் அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்தேன். எண்கள், கிழமைகள் மாதிரி சிறு வயதில் வரிசையாகப் பதிந்தவை இந்த நோயில் பலருக்கு அழியாமல் இருக்குமாம். சரளி வரிசையும் அப்படித்தான் அவருக்குள் பத்திரமாக இருந்திருக்கிறது. பாடத்துக்கு இந்த ராகத்தை வைத்து, இந்த வரிசைகளையும் அமைத்துத் தந்தவர் புரந்தரதாசர் என்பது மரபு. பதினாறாம் நூற்றாண்டில் குழந்தைகளுக்காகச் செய்த காரியம், இன்று ஒரு எழுபது வயதுக்காரருக்கு வாயைத் திறந்து கொடுத்திருக்கிறது. அன்றிலிருந்து அப்பாவுக்காக ஜன்னலைத் திறந்து வைத்தே நீ சாதகம் செய்தாய். உன் அப்பா அம்மாவுக்கும் சேர்த்து என் நன்றி. அடுத்த பாடமான ஜண்டை வரிசைக்குப் போய்விட்டாய் போலிருக்கிறது, அப்பா அதையும் பிடித்துக்கொண்டார்.

அப்புறம் என் சொந்தக் கேட்பு. அப்பா கூப்பிட்டால் காதில் விழ வேண்டுமே என்று வருடம் முழுக்க இயர்போனை ஒரு காதில் மட்டுமே போட்டேன். அதில் ஒரு தொல்லை இருக்கிறது. ஸ்டீரியோ பதிவுகள் பலவற்றில் வயலின் ஒரு பக்கம், மிருதங்கம் ஒரு பக்கம் என்று பிரித்து வைத்திருப்பார்கள். ஒற்றைக் காதில் கேட்டால் பாதி மேடை காலி. போன் அமைப்புகளுக்குள் போனால் 'மோனோ ஆடியோ' என்று ஒன்று இருக்கிறது, இரண்டு பக்க ஒலியையும் ஒன்றாக்கித் தரும் என்று காட்டிக் கொடுத்த அலுவலகத் தோழிக்கு நன்றி. ஒரு காது கேட்காதவர்களுக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்பதும் நீ சொல்லித்தான் தெரிந்தது.

அதற்கு முன்பே வேறொரு வழியும் தற்செயலாகக் கிடைத்திருந்தது. பழைய பதிவுகள். ஸ்டீரியோ இசைத்தட்டுகள் கடைக்கு வந்ததே 1958 வாக்கில்தான். அதற்கு முந்திய, நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் தட்டுகளில் ஒலி ஒரே தடமாக இருப்பதால் இழக்க எதுவும் இல்லை, முழுக் கச்சேரியும் ஒரே காதில் வந்து இறங்குகிறது. பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் சொச்சம்தான் இடம். அதற்குள் ராகத்தையும் பாட்டையும் சுரத்தையும் சொல்லி முடித்த அந்தக் காலத்து வித்வான்களை இப்போதுதான் முழுதாக மதிக்கிறேன். மாத்திரை கொடுப்பதற்கும் துணி காயப் போடுவதற்கும் நடுவில் எனக்குக் கிடைத்த நேரமும் அவ்வளவுதான்.

டேப் பெரியவரே, உங்களுக்குத்தான் நீளமாக எழுத வேண்டும். உங்கள் அண்ணன் அந்தக் காலத்தில் கச்சேரிகளுக்குப் பெட்டி தூக்கிப் போய்ப் பதிவு செய்த பாடகர் எம்.டி. ராமநாதனின் ஸ்பூல் டேப்புகளை (பெரிய சுருள் காந்த நாடாக்களை) எங்களுக்காகவே கணினிக் கோப்புகளாக மாற்றித் தந்தீர்கள். இந்த வேலைக்குக் குறுக்கு வழி கிடையாது. மூன்று மணி நேரக் கச்சேரியை மாற்ற மூன்று மணி நேரமும் ஓடவிட்டுக் கூடவே உட்கார்ந்திருக்க வேண்டும். டேப் கொஞ்சம் வேகமாக ஓடினாலும் சுருதி ஏறிவிடும். மற்றவர்கள் விஷயத்தில் அது சின்னக் குறையாகத் தெரியலாம். ராமநாதனுக்கு அந்த அடித்தளக் குரல்தானே உயிர். தம்புராவை வைத்து ஒத்துப் பார்த்துச் சரிசெய்து கொடுத்தீர்கள். சில இடங்களில் அவர் பாடுவதற்கு ஒரு கணம் முன்பே அதே குரல் நிழலாகக் கேட்கிறது. சுருளில் அடுத்தடுத்த சுற்றுகள் ஒன்றின் காந்தத்தை ஒன்று வாங்கிக்கொள்வதால் வருவது அது என்று விளக்கினீர்கள். அதை நீக்காமல் விட்டது நல்லதாயிற்று. அப்பா அந்த நிழலைக் கேட்டதுமே வாயைத் திறந்து தயாராகிறார்.

ராமநாதன் (1923–1984) டைகர் வரதாச்சாரியாரின் சீடர். குருபக்தியில் 'வரததாச' என்பதையே தான் இயற்றிய பாட்டுகளில் தன் முத்திரையாக, அதாவது கையெழுத்துப் பெயராக, வைத்துக்கொண்டவர். அவருடைய சௌக்க காலத்தை, மிக மெதுவான நடையை, பலர் பொறுக்க மாட்டார்கள். எனக்கே இளவயதில் பொறுமை இருந்ததில்லை. இந்த வருடம் அந்த வேகம்தான் எங்களுக்குத் தோதாக இருந்தது. இடது கையால் ஒரு தட்டு, சுண்டு விரல், மோதிர விரல், நடு விரல், பிறகு தட்டி வீச்சு, தட்டி வீச்சு என்று ஆதி தாளம் போட அப்பாவுக்கு அவகாசம் கிடைத்தது. வேறு யார் பாடினாலும் விரல் பின்தங்கிவிடும். ஆண்டின் தலைசிறந்த கேட்பு எது என்று யாராவது கேட்டால் தயங்காமல் அதைத்தான் சொல்வேன்.

ஷிஃப்ட் மாற்றிக்கொண்ட அலுவலக நண்பர்கள், ராத்திரியில் கார் எடுத்து வந்த எதிர்வீட்டு அண்ணன், மாலை நேரத்தில் அப்பாவோடு உட்கார்ந்து வானொலி கேட்டுத் தந்த சித்தப்பா, உங்கள் எல்லாருக்கும் நன்றி. சித்தப்பா, நீங்கள் இருந்த அந்த நேரங்களில்தான் நான் தூங்கினேன்.

கடைசியாக அக்காவுக்கு. 'ஜனவரியில் நான் வந்து அப்பாவைப் பார்த்துக்கொள்கிறேன், நீ நேரில் ஒரு கச்சேரி கேட்டுவிட்டு வா' என்று சொல்லியிருக்கிறாய். இரண்டு காதாலும் கேட்கப் போகிறேன். டிக்கெட் எடுக்கும்போது முன்வரிசை வேண்டாம், மிருதங்கம் உட்காரும் பக்கமாகப் பார்த்து எடு. என்ன பாடினார்கள் என்று திரும்பி வந்ததும் அப்பாவிடம் வரிசையாக ஒப்பிக்க வேண்டும், அவர் இப்போதே கேட்டுக்கொண்டிருக்கிறார், அந்த இரண்டு சுரத்தில்.