மேட்டுக்கு ஏறாத மானியம்

கோத்தகிரி

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து இருபது நாட்களாகின்றன. தேயிலைச் செடிகளை வெட்டிவிடும் கவாத்து வேலை முடியும்வரை பேனாவைத் தொட நேரம் வாய்க்கவில்லை, பொறுத்துக்கொள். ஆட்சி மாறினால் விவசாய மானியங்கள் நிலைக்குமா என்று கேட்டிருந்தாய். தஞ்சையில் நெல் போடுகிறவனுக்கு அந்தக் கவலை வருவது இயல்புதான். எங்கள் கவலை வேறு வகையானது.

இலவச மின்சாரத்தைப் பற்றி நீ அஞ்சவே வேண்டாம். 1984-இல் எம்.ஜி.ஆர். சிறு விவசாயிகளுக்குக் கொடுத்ததை, 1989-இல் ஆட்சிக்கு வந்த கருணாநிதி எல்லா விவசாயிகளுக்கும் விரிவாக்கினார். 2003-இல் ஜெயலலிதா அதில் கைவைத்துக் கட்டணம் விதித்தார். மறு ஆண்டு மக்களவைத் தேர்தலில் தமிழகத்தின் 39 தொகுதிகளும் கைநழுவிப் போனதும், சில நாட்களிலேயே அந்தக் கட்டணத்தை நீக்கினார். அந்தப் பாடத்தை எந்தக் கட்சியும் மறக்கவில்லை. கூட்டுறவுக் கடன் தள்ளுபடியும் அப்படித்தான். 2006-இல் கருணாநிதி பதவியேற்ற அன்றே ஏறத்தாழ 7,000 கோடி ரூபாயைத் தள்ளுபடி செய்தார். 2016-இல் ஜெயலலிதா பதவியேற்ற அன்றே சிறு, குறு விவசாயிகளின் 5,780 கோடியைத் தள்ளுபடி செய்தார். 2021 பிப்ரவரியில் எடப்பாடி பழனிசாமி 12,110 கோடியைத் தேர்தலுக்கு முன்பே தள்ளுபடி செய்தார். முந்தைய இருவரும் வென்றபின் கையெழுத்திட்டார்கள், இவர் வெல்வதற்காகக் கையெழுத்திட்டார் என்று இங்கே டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். ஆட்சி என்னவோ கைமாறத்தான் செய்தது.

இவற்றில் எது மலையேறி எங்களிடம் வந்தது என்பதுதான் என் கேள்வி. தேயிலைக்கு மழைதான் பாசனம். மோட்டாரே இல்லாத என்னைப் போன்றவனுக்கு இலவச மின்சாரம் வீட்டு விளக்குக்குக்கூட உதவாது. கீழ்ப் பள்ளத்தில் கேரட்டும் பீட்ரூட்டும் போடுகிறவர்களில் பலர் ஓடைத் தண்ணீரை ஆயில் எஞ்சின் வைத்து இறைக்கிறார்கள். டீசலுக்கு யார் மானியம் தருகிறார்கள்? நுண்ணீர்ப் பாசனக் கருவிகளுக்குச் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீத மானியம் உண்டு என்பது உண்மை. அதற்குச் சிட்டா, அடங்கல் என்ற நில ஆவணங்களைக் காட்ட வேண்டும். நான் கேரட் போடும் அரை ஏக்கர் வாய்மொழிக் குத்தகை. எழுதிக் கொடுத்தால் நிலம் போய்விடுமோ என்று நிலக்காரர் தயங்குகிறார், அவரையும் நான் குறை சொல்லமாட்டேன். கூடலூரில் இருக்கும் என் மைத்துனரின் நிலைமை இன்னும் மோசம். ஜென்மிகள் என்ற பழைய நிலக்கிழார்களின் உரிமையை ஒழித்த 1969-ஆம் ஆண்டின் ஜென்ம நில ஒழிப்புச் சட்டத்தில், தோட்டக் குத்தகை நிலங்களுக்கான 17-ஆம் பிரிவுக்குள் அடைபட்ட நிலம் அது. எத்தனையோ ஆட்சிகள் வந்து போய்விட்டன, பட்டா வரவில்லை. பட்டா இல்லாததால் கூட்டுறவுப் பயிர்க்கடன் இல்லை. கடனே வாங்காதவனுக்குத் தள்ளுபடி எங்கிருந்து வரும்? மத்திய அரசு ஆண்டுக்கு 6,000 ரூபாய் தரும் திட்டமும் நில ஆவணத்தைத்தான் கேட்கிறது.

தேயிலைக்கு மற்றொரு சங்கடமும் இருக்கிறது. உன் நெல்லை வேளாண் துறை பார்க்கிறது. எங்கள் கொழுந்தைப் பார்க்கும் தேயிலை வாரியமோ மத்திய வணிக அமைச்சகத்தின்கீழ் இருக்கிறது. நாங்கள் விவசாயிகளா, வணிகர்களா என்பதை நாங்களே சில நேரம் யோசித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. வாரியம் மாதந்தோறும் பசுந்தேயிலைக்கு ஒரு விலையை அறிவிக்கிறது. அது தேயிலைத்தூள் ஏல விலையிலிருந்து கணக்கிட்டு வருவதே தவிர, எங்கள் செலவிலிருந்து வருவதன்று. 2023-இல் கிலோவுக்கு 33.50 ரூபாய் வேண்டும் என்று இங்கே சிறு விவசாயிகள் உண்ணாவிரதம் இருந்தது உனக்கு நினைவிருக்கும். பிற்பாடு மாநில அரசு, இண்ட்கோ என்ற சிறு தேயிலை விவசாயிகளின் கூட்டுறவு ஆலைகளின் உறுப்பினர்களுக்குக் கிலோவுக்கு 2 ரூபாய் மானியம் அறிவித்தது. எனக்கு அது கிடைக்கவில்லை. மகள் திருமணத்துக்கு முன்பணம் கொடுத்த தனியார் ஆலைக்கே அன்றிலிருந்து கொழுந்து போடுகிறேன். வாங்கிய கைக்கு விசுவாசம் காட்டியதில் மானியம் போனது. அது கிடைத்தவர்களுக்கும் நிம்மதி இல்லை. ஓர் அரசாணையில் வந்த 2 ரூபாய், அடுத்த நிதியாண்டில் அந்த ஆணையைப் புதுப்பிக்காமல் விட்டாலே சத்தமில்லாமல் போய்விடும். அதற்காக எந்த அரசும் கவிழாது. 234 தொகுதிகளில் உதகை, குன்னூர், கூடலூர் என்ற மூன்றுதானே நாங்கள்!

உங்கள் பக்கம் பார். நெல்லுக்குக் குவிண்டாலுக்கு 2,500 ரூபாய் என்ற 2021-ஆம் ஆண்டின் தேர்தல் வாக்குறுதி, 2025 செப்டம்பரில்தான் நிறைவேறியது. தாமதம்தான். இருந்தாலும் சாதாரண ரகத்துக்கு மத்திய அரசின் அன்றைய ஆதரவு விலை 2,369 ரூபாயோடு மாநிலம் 131 ரூபாயை ஊக்கத்தொகையாகச் சேர்த்துக் கொடுத்தபோது, அந்தத் தொகை கொள்முதல் விலையோடு ஒட்டிக்கொண்டது. அடுத்து வருகிறவர் அதைக் கூட்டலாம், குறைப்பது கடினம். எங்களுக்கும் மானியம் என்ற பெயரில் தனியாக 2 ரூபாய் வேண்டாம். எந்த ஆலைக்குக் கொழுந்து போட்டாலும் விலையோடு சேர்ந்து வரும் தொகையாக அது இருக்க வேண்டும் என்று எங்கள் ஊர்க் கூட்டத்தில் சொல்லிப் பார்த்தேன். கொடுப்பதையும் கெடுத்துவிடாதே என்று பெரியவர்கள் அடக்கிவிட்டார்கள்.

எனக்கு ஓர் உதவி செய். உன் நெல்லுக்குக் கொள்முதல் நிலையத்தில் கொடுத்த ரசீதில் ஆதரவு விலையும் ஊக்கத்தொகையும் எப்படிப் பிரித்துக் காட்டப்பட்டிருக்கின்றன என்று ஒரு நகல் எடுத்து அனுப்பு. அடுத்த கூட்டத்துக்குள் வந்துவிட்டால், பெரியவர்கள் முன் அந்தத் தாளையே வைத்துப் பேசுவேன்.

உன் பழைய அறைத்தோழன்