முத்தம்மாள் காலனிக்கு வந்து உதவிய எல்லோருக்கும்

அன்பானவர்களே,

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையிலும் வெள்ளத்திலும் என்ன நடந்தது என்று தூத்துக்குடியில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியதையும், உடைந்த கோரம்பள்ளம் குளத்தையும், நிரம்பி வழிந்த பக்கிள் ஓடையையும் பேசிப் பேசி ஓய்ந்துவிட்டோம். தரை காய்ந்துவிட்டது. இப்போதுதான் உட்கார்ந்து எழுத முடிகிறது.

முதலில் மொத்தமாகச் சொல்லிவிடுகிறேன். தெருவுக்குள் வள்ளத்தைக் கொண்டுவந்து என் மாமியாரை நாற்காலியோடு தூக்கி ஏற்றிய மீனவத் தம்பிகள், மண்டபத்தில் சோறாக்கிப் போட்டவர்கள், வெளியூரிலிருந்து வந்து மின்கம்பம் ஏறியவர்கள், பிளீச்சிங் பவுடர் தூவியவர்கள், ராத்திரியெல்லாம் தண்ணீர் இறைத்த டீசல் மோட்டார் பக்கத்திலேயே படுத்துக் கிடந்த ஆபரேட்டர் அண்ணன், எல்லோருக்கும் நன்றி. யாரையாவது விட்டிருந்தால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ஒருவரைப் பற்றி மட்டும் தனியாகச் சொல்லியாக வேண்டும்.

தண்ணீர் வடிந்ததும் ஆளாளுக்கு வீட்டுச் சாமானைத் தெருவில் கொட்டினோம். மெத்தை, அரிசி மூட்டை, பிள்ளைகளின் பாடப்புத்தகம் என்று வாசலுக்கு வாசல் குவியல். வேறு மாநகராட்சியிலிருந்து அனுப்பப்பட்ட தூய்மைப் பணியாளர்கள் லாரியோடு வந்தார்கள். அள்ளிப் போட்டுக்கொண்டு போனால் போதும், அதுதான் அவர்கள் வேலை. ஆனால் அதில் ஒருவர் ஒவ்வொன்றையும் தொடும் முன்னால் என்னைப் பார்த்து, "அக்கா, இத எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டார். ஊறி நாறிப்போன தலையணைக்கும் கேட்டார். நான் தலையை ஆட்டிய பிறகுதான் எடுத்தார். அதுவரை அழாதவள் அப்போதுதான் அழுதேன்.

என் பழைய உஷா தையல் மெஷினும் அந்தக் குவியலில் கிடந்தது. பலகை உப்பி ஏடு ஏடாகப் பிரிந்திருந்தது. சக்கரம் அசையவில்லை. கொண்டுபோங்க என்றேன். அவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தகட்டைத் தள்ளி, அடிநூல் இருக்கும் பாபின் கேஸைக் கழற்றினார். உள்ளே கறுப்பாகச் சேறு. "பலகைதான் போச்சு. தலை நல்லாத்தான் இருக்கு. எங்க வீட்லயும் தைக்கிறாங்க" என்றவர், மோட்டார் அண்ணனிடம் போய்த் தண்ணீர் பாட்டிலில் கால்வாசி டீசல் வாங்கி வந்தார். "ஊத்தி ஊற விடுங்க. அப்புறமா சக்கரத்த முன்னும் பின்னும் மெதுவா ஆட்டுங்க. முறுக்கிடாதீங்க." மேஸ்திரி சத்தம் போடவும் ஓடிப்போய் லாரியில் தொற்றிக்கொண்டார். பெயர்கூடக் கேட்கவில்லை.

மறுநாள் ஆட்டிப் பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த நாள் இறுக்கம் விட்டது. சரி என்று இரும்பு ஸ்டாண்டில் ஒரு பழைய கதவுப் பலகையைப் பூட்டி, தலையை அதில் ஏற்றிவிட்டேன். இப்போது அதில்தான் தைக்கிறேன். சத்தம் கொஞ்சம் கூடுதல், தையல் நேராகத்தான் விழுகிறது.

அவர் கையுறை விரல் நுனியில் கிழிந்திருந்தது. ஆள்காட்டி விரலில் துணி சுற்றியிருந்தார். கேட்டதற்கு, "கண்ணாடிக்கா" என்றார், அவ்வளவுதான். தையல்காரி வீட்டில் உடைந்த ஊசி, பிளேடு, குண்டூசி எல்லாம் சேரும். மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று பிரிக்கத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். கையைக் கிழிக்கும் குப்பை என்று மூன்றாவதாக ஒன்றை என் வீட்டில் பிரித்துவிட்டேன். மூடி போட்ட பாட்டிலில் போட்டு, குப்பை எடுக்க வருபவர் கையில்தான் கொடுக்கப் போகிறேன். தெருவில் வீடு வீடாகவும் சொல்லி வருகிறேன். வெட்டுத்துணி ஒரு துண்டுகூட சாக்கடை வாறுகாலுக்குப் போகாது, அதுவும் என் பொறுப்பு. வாறுகால் ஏன் வடியவில்லை என்று கேட்க வேண்டியதை வார்டு மக்கள் கூடும் அடுத்த பகுதி சபா கூட்டத்தில் நிச்சயம் கேட்பேன், நன்றி சொல்லும் இடத்தில் அது வேண்டாம்.

கடைசியாக என் வாடிக்கையாளர்களுக்கு. கிறிஸ்துமஸுக்குத் தைக்கக் கொடுத்த துணியெல்லாம் சேற்றில் போயும் ஒருவர்கூடக் காசு கேட்கவில்லை. "நீ நல்லா இருக்கியா?" என்றுதான் கேட்டீர்கள். வேறு துணி எடுத்து வாருங்கள், பொங்கலுக்குள் தைத்துத் தருகிறேன், கூலி வேண்டாம். அளவு ரவிக்கையை மறக்காமல் கொண்டு வாருங்கள். அளவு எழுதி வைத்த நோட்டும் லாரியில் போய்விட்டது.