ஞாயிறு ஜெபக்கூட்டம்: நம் வீட்டுச் செல்லங்கள்

அன்பானவர்களே, தோத்திரம்.

இந்த ஞாயிறு மாலை 5 மணிக்கு லிங்கராஜபுரம் வீட்டு ஜெபத்தில், நாய், பூனை வளர்ப்பதில் தேவன் நமக்குத் தரும் சந்தோஷத்தையும் பாடத்தையும் பகிர்ந்துகொள்வோம்.

2 சாமுவேல் 12-ஐ வாசித்துவிட்டு வாருங்கள். தாவீது ராஜாவின் பாவத்தை உணர்த்த வந்த தீர்க்கதரிசி நாத்தான் எடுத்த எடுப்பில் கண்டிக்கவில்லை. ஓர் ஏழை தன் பிள்ளைகளோடு வளர்த்த ஆட்டுக்குட்டியின் கதையைச் சொன்னார். அது அவன் பாத்திரத்திலேயே குடிக்கும், மடியிலேயே தூங்கும், அவனுக்கு மகளைப் போல இருந்தது. அந்தக் குட்டியை ஓர் ஐசுவரியவான் பிடித்துத் தன் விருந்தாளிக்குச் சமைத்தான் என்றபோதுதான் ராஜாவுக்குக் கோபம் பொங்கியது. எப்போது வாசித்தாலும் எனக்குக் கண் கலங்கும். யோனா புத்தகத்தின் கடைசி வசனத்தையும் பாருங்கள்: நினிவேயின் 1,20,000-க்கும் அதிகமான ஜனங்களோடு அங்குள்ள மிருகஜீவன்களையும் கர்த்தர் நினைக்கிறார்.

எங்கள் ஜிம்மி, பாட்டு ஆரம்பித்ததும் பாய் ஓரத்தில் வந்து முன்னங்கால் மேல் தாடையை வைத்துப் படுத்துக்கொள்ளும். "ஆமென்" கேட்டவுடன் எழுந்து ஒவ்வொருவரிடமாகப் போய் வாலாட்டும். முதல்முறை வருகிறவர்களிடமும் அப்படித்தான். நம் சபையும் அப்படி வரவேற்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

சமீபத்தில் செல்லத்தை இழந்தவர்கள் கட்டாயம் வாருங்கள், உங்களுக்காக ஜெபிப்போம். "நாய்தானே" என்று யாரும் தயவுசெய்து சொல்லாதீர்கள்.

ரேபிஸ் தடுப்பூசி போட்ட, கூட்டத்தில் மிரளாத நாய்களைக் கயிறு போட்டு அழைத்து வரலாம். பூனைகளுக்குப் போட்டோ போதும், பாவம், ஆட்டோ சத்தத்தில் பயந்துவிடும். எத்தனை பேர் வருகிறீர்கள் என்று வெள்ளி இரவுக்குள் இங்கே சொல்லிவிடுங்கள், டீ, பஜ்ஜி ஏற்பாடு செய்ய வேண்டும்.