புகைபோக்கி இல்லாத வீடு

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகிறது. வலது கண்ணில் புரை எடுத்தார்கள், அதனால்தான் உடனே எழுத முடியவில்லை. இப்போது பார்வை தெளிவாக இருக்கிறது. பேத்தி பிறந்த செய்தியை வாசித்து வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். தாயும் சேயும் நலம்தானே?

கண் கட்டு அவிழ்த்த பிறகு முதலில் போனது இங்கே இங்கிலாந்தில், மேற்கு சசெக்ஸில் உள்ள சிங்கிள்டன் கிராமத்துக்கு. பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கும் திறந்தவெளி அருங்காட்சியகம் அங்கே இருக்கிறது. அதில் பேலீஃப் என்று ஒரு பண்ணைவீடு. நீ கூட இருந்திருக்கலாமே என்று பலமுறை நினைத்துக்கொண்டேன்.

நடுக்கூடம் 1405க்கும் 1430க்கும் இடையில் கட்டியது. வீட்டுக்காரர்களின் தனி அறைகள் உள்ள பக்கம் 1505 வாக்கில் சேர்ந்தது. கூடத்துக்கு மேல்தளம் கிடையாது, அண்ணாந்தால் நேரே கூரைதான். நடுத்தரையில் அடுப்பு, புகைபோக்கி இல்லை. புகை மேலே ஏறிக் கூரை வழியாகக் கசிந்து வெளியேற வேண்டும். ஜன்னல்களில் கண்ணாடியும் இல்லை, மரக் கம்பிகளும் அடைப்புப் பலகைகளும்தான். கூரையின் கைமரங்களில் அந்தக் காலத்துப் புகைக்கரி இன்னும் படிந்திருக்கிறது. புதுக்கண்ணால் அதைத்தான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். எத்தனை பேருக்குச் சமைத்த புகை!

உனக்குச் சொல்ல வேண்டியது மரவேலைதான். உன் அப்பா பட்டறையில் ஈரமரத்தைத் தொட விடமாட்டாரே, இவர்கள் வெட்டிய ஈரம் காயாத ஓக் மரத்தையே செதுக்கியிருக்கிறார்கள். ஓக் காய்ந்துவிட்டால் உளி இறங்குவது அவ்வளவு கஷ்டம். சட்டங்களைத் தரையில் கிடத்திப் பொருத்திப் பார்த்து, இணைப்புக்கு இணைப்பு ரோமன் எண்களைப் போலக் கீறி அடையாளம் வைத்து, பிரித்துக் கொண்டுபோய் வீட்டு மனையில் நிறுத்துவார்கள். சட்டத்தைப் பிடித்திருப்பது கழுந்தும் (ஒரு மரத்தின் நுனியில் செதுக்கி அடுத்த மரத்தின் குழியில் நுழைக்கும் நாக்கு) மரமுளையும்தான், இரும்பாணி இல்லை. கழுந்தில் போடும் துளையை, குழியுள்ள மரத்தின் துளைக்கு நேராக இல்லாமல், வேண்டுமென்றே ஒரு நூல் தள்ளிப் போடுவார்களாம். முளையை அடித்து இறக்கும்போது அது வளைந்து நுழைந்து இரண்டு மரங்களையும் இழுத்துக் கவ்விக்கொள்ளும். இடைவெளிகளில் குச்சிப் படல் பின்னி, மண்ணும் சாணமும் வைக்கோலும் குழைத்து அப்பிய சுவர். இந்த நாட்டுப் பழைய வீடு என்றால் கறுப்பு மரச் சட்டமும் வெள்ளைச் சுவருமான வீட்டுப் படங்கள்தானே நினைவுக்கு வரும்? மரத்துக்குக் கறுப்பு அடிப்பது பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டில் பரவிய வழக்கம். ஓக் தன் போக்கில் வெள்ளி நரை போட்டுவிடும், அதுவே அழகு.

இந்த வீடு முன்பு கென்ட்டில் சிடிங்ஸ்டோன் பக்கம் இருந்தது. அங்கே பௌ பீச் நீர்த்தேக்கம் கட்டியபோது மூழ்கவிருந்த வீடுகளில் இதுவும் ஒன்று. 1960களின் இறுதியில் மரம் மரமாகப் பிரித்து, சில ஆண்டுகளில் இங்கே எழுப்பினார்கள். முளையைத் தட்டினால் பிரியும் வீடாக இருந்ததால்தான் இது பிழைத்தது. சிமென்ட் வீடாக இருந்தால் தண்ணீருக்கடியில் போயிருக்கும்.

ஒன்றுதான் எனக்கு உறுத்துகிறது. பிற்காலத்தில் கூடத்துக்குள் சேர்த்த புகைபோக்கியை நீக்கிவிட்டு, 1540 வாக்கில் இருந்த கோலத்துக்கு வீட்டைக் கொண்டுபோயிருக்கிறார்கள். அப்படிச் செய்யாவிட்டால் அந்தத் திறந்த கூடத்தை நான் பார்த்திருக்க முடியாதுதான். ஆனாலும் கண்ணெரிச்சல் போதும் என்று புகைபோக்கி கட்டிக்கொண்ட குடும்பமும் அந்த வீட்டின் கதையில் உண்டு. அதை எடுத்திருக்க வேண்டாம் என்பது என் எண்ணம். உனக்கு எப்படித் தோன்றுகிறது?

இன்னொன்று: துளையைத் தள்ளிப் போட்டு முளை அடிக்கும் வேலையை உன் அப்பா செய்து பார்த்திருக்கிறாயா? நம் பக்கம் அதற்கு என்ன பெயர்? பட்டறைப் பெரியவர்கள் யாராவது இருந்தால் கேட்டு எழுது. பேத்தி படமும் அனுப்பு.

என்றும் அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்