கூண்டேறிய பிறகா ஆவணத்தைக் காட்டுவது?

சென்னை உயர் நீதிமன்ற விதிகள் குழுவின் மாண்புமிகு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். பென்னாகரம் பக்கம் 2 ஏக்கர் மானாவாரிக் காட்டுக்காக 9 ஆண்டுகளாக வாய்தாவுக்கு அலையும் குடும்பம் எங்களுடையது. வழக்குகள் இழுபடுவது தாங்கள் அறிந்ததே. அதற்காக இதை எழுதவில்லை.

சென்ற மாதம் என் அம்மா சாட்சி சொன்னார். வயது 71. கிரயப் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, அடங்கல் நகல் எல்லாவற்றையும் பிராதோடு அன்றைக்கே தாக்கல் செய்துவிட்டோம். குறுக்கு விசாரணை பாதி நடந்திருக்கும். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் பழுப்பேறிய ஒரு தாளை எடுத்து நீட்டினார். 1987-இல் எழுதிய கூர்ச்சீட்டாம், அதாவது குடும்பச் சொத்தைப் பங்கு பிரித்து எழுதிய தாளாம். எங்கள் பிராதுக்குப் பதிலாக அவர்கள் தாக்கல் செய்த எதிருரையில் அதைப் பற்றி ஒரு வரி கிடையாது. “இது உங்கள் கணவர் கையெழுத்துதானே?” என்றார். கண் அறுவை செய்துகொண்ட அம்மா தாளை முகத்தருகே வைத்து வெகுநேரம் பார்த்தார். “அவர் எழுத்து மாதிரிதான் இருக்கிறது. ஆனால் இந்தத் தாளை நான் பார்த்ததே இல்லை” என்றார். அன்றிரவு அவர் சாப்பிடவில்லை. “நானே உங்கள் அப்பாவுக்கு எதிராகச் சொல்லிவிட்டேனா?” என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

சட்டம் இதற்கு இடம் தருகிறது என்பதுதான் ஆற்றாமை. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 8, விதி 1ஏ, பிரதிவாதி தன் ஆவணங்களை எதிருரையோடு தாக்கல் செய்ய வேண்டும் என்கிறது. வாதியின் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யக் காட்டும் ஆவணத்துக்கு மட்டும் அதே விதி விலக்குத் தருகிறது. வழக்கின் தரப்பினரிடமே அப்படிக் காட்டிக் கேட்கலாம் என்று 2023-இல் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. பொய்ச் சாட்சியைப் பிடிக்க அந்த வழி வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நிலத்தின் உரிமையையே தீர்மானிக்கும் பத்திரத்தைப் பெட்டியில் பூட்டி வைத்திருக்கவா அந்த விலக்கு?

அதே சட்டத்தின் கட்டளை 11-இன்கீழ் மனுப் போட்டு எதிர்த்தரப்பின் ஆவணங்களை முன்பே கேட்டிருக்கலாம் என்கிறார்கள். அப்படி ஒரு வழி உண்டு என்பதே எங்களுக்கு அன்றுதான் தெரிந்தது. கேட்டால்தான் காட்டுவது என்ற முறை ஏன்? 2015-ஆம் ஆண்டு வணிக நீதிமன்றச் சட்டம், வணிக வழக்குகளில் கையிலுள்ள ஆவணங்களைத் தொடக்கத்திலேயே வெளிப்படுத்தச் சொல்கிறது. கம்பெனிகளுக்குக் கிடைக்கும் இந்த நியாயம் கேழ்வரகு விதைக்கிறவனுக்கு ஏன் கிடையாது? ஒவ்வொரு வாய்தாவுக்கும் என் தம்பி திருப்பூரிலிருந்து கூலியை விட்டுவிட்டு வருகிறான். தோற்றாலும் என்ன காரணத்தால் தோற்றோம் என்று தெரிந்து தோற்க எங்களுக்கு உரிமை இல்லையா?

கோபத்தில் சொல் தடித்திருந்தால் பொறுத்தருள வேண்டும். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 122-ஆம் பிரிவின்படி நடைமுறை விதிகளைத் திருத்தும் அதிகாரம் உயர் நீதிமன்றத்துக்கு இருக்கிறது. நில வழக்குகளில் உரிமை ஆவணம் எதுவானாலும் எழுவினா வனைவதற்கு, அதாவது வழக்கில் தீர்க்க வேண்டிய கேள்விகளை நீதிமன்றம் வகுப்பதற்கு, முன்பே இரு தரப்பும் காட்டிவிட வேண்டும் என்று விதி செய்யுங்கள். பிந்தி வரும் தாள், அதுவரை யாரிடம் இருந்தது என்ற பிரமாணப் பத்திரத்தோடு வரட்டும். சாட்சி கூண்டேறும் முன்பு காட்டச் சொல்லுங்கள். வேறெதுவும் கேட்கவில்லை.

அந்தக் கூர்ச்சீட்டில் சாட்சிக் கையெழுத்து இரண்டு இருக்கிறது. ஒருவர் எப்போதோ இறந்துவிட்டார். மற்றவர் எங்கள் தெருக்காரர். 3 ஆண்டுகளுக்கு முன்புவரை தினமும் எங்கள் திண்ணையில் வந்து உட்கார்ந்திருப்பார்.

பணிவுடன்,
ஒரு வாதியின் மகன்
தருமபுரி மாவட்டம்